நத்தை ஊர்ந்த தடம்

அம்மாவை இன்னும் வண்டியிலிருந்து இறக்கவில்லை. அதற்குள் அண்ணன் நத்தையை இறக்கிவிட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவோடு வந்த மசுமி, இடம் தயாரா என்று பார்க்கத்தான் முதலில் உள்ளே நுழைந்தாள். பெரிய அறையில் பாயின் மேல் வெள்ளைப் படுக்கை விரித்தாகிவிட்டது. தலைமாடு வடக்கே. அந்த வடக்குச் சுவரில், சுருள் ஓவியம் தொங்கவிடுவதற்கென்றே விட்ட மாடம் வெறிச்சென்று கிடந்தது. நத்தை ஓவியம் தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. யசுனோரி கையில் சுருள் மாட்டும் கவைக்கோலோடு நின்று கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நத்தை எங்கண்ணா?"

"எடுத்துட்டேன். நாலு பேர் வர்ற எடம்."

"எங்க வச்ச?"

"எங்கயோ வச்சிருக்கேன். இப்ப அதுவா முக்கியம்? அம்மாவ உள்ள கொண்டாரச் சொல்லு. மழை வலுத்துடப் போவுது."

மழை என்ற பேச்சை அவன் வாயிலிருந்து கேட்டதும் மசுமிக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. இந்த மழையைச் சொல்லித்தானே இத்தனை நாளும் காலத்தை ஓட்டினான்? அம்மா படுக்கையில் கிடந்து கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பொழுது வீட்டுக்குப் போய், மாடத்தில் நத்தையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். டாக்டர்கூடச் சரி என்றுவிட்டார், ஆக்சிஜன் உருளையோடு அரை நாள் போய்வரலாம் என்றார். இவன்தான், "மழை நிக்கட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஒவ்வொரு ஞாயிறும் ஆரஞ்சு ஜெல்லி வாங்கிக்கொண்டு வந்து, அதே பேச்சைப் பேசிவிட்டுப் போனான். அம்மாவும் தலையாட்டினாள். வாழ்நாள் முழுக்கத் தலையாட்டிப் பழகியவள்.

இன்று விடியலில் போய்விட்டாள். மழை நிற்கவில்லை. அந்த மழையிலேயேதான் இப்போது வீட்டுக்கு வருகிறாள்.

கறுப்புக் கோட்டுக்காரர்கள் இருவர் அம்மாவைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். தலையணையைச் சரிசெய்து, முகத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்தி, உடம்பைச் சுற்றிப் பனிக்கட்டிப் பொட்டலங்களைச் செருகிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். தலைமாட்டில் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் எரிந்தன. மாடத்துக்குப் பக்கத்தில் பொன் தகடு பதித்த பூஜைப் பெட்டியின் கதவுகள் திறந்திருந்தன. நாலு மணிக்குக் கோயில் பிக்கு தலைமாட்டுப் பாராயணத்துக்கு வருவார். அதற்குள் கென்சாகு சித்தப்பாவும் வந்துவிடுவார்.

மசுமி அம்மாவின் முகத்துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. வண்டியில் வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். எழுந்து, நத்தையைத் தேடப் போனாள்.

அது ஒன்றும் பேர்போன கைவண்ணமில்லை. கோயில் சந்தையில், திடீர் மழைக்குக் கடையைச் சுருட்டிக்கொண்டிருந்த பழைய சாமான்காரனிடம், கல்யாணமான புதிதில் அம்மா வாங்கியது. வாங்கி வந்த அன்றைக்கே "சந்தைச் சரக்கு" என்று அப்பா பேர் வைத்துவிட்டார். நீளத் தாளில், மழைக்காலத்தில் பூக்கும் அஜிசாய்ச் செடி ஒன்று. மழையில் கனத்துச் சாய்ந்த நீலப் பூங்கொத்து ஒன்று. கீழே ஓர் இலையின் விளிம்பில் நத்தை. அவ்வளவுதான். நின்றபடி பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்று உண்டு. நத்தை வந்த வழியை அந்த முகம் தெரியாத ஓவியன் காக்காப்பொன் தூளால் தீற்றியிருந்தான். வெயில் நாளில் அது தாளோடு தாளாக ஒளிந்துகொள்ளும். விளக்குப் போட்டாலும் தெரியாது. வெளியே மழை பெய்து, மூடாப்பு வெளிச்சம் தாழ்வாரத்து வழியாகப் பக்கவாட்டில் வந்து விழுந்தால் மட்டும், செடியின் அடியிலிருந்து இலை விளிம்புவரை ஒரு தடம் ஈரமாக மின்னும். அம்மா அதைப் பார்க்கத்தான் மழைக்காலத்துக்குக் காத்திருப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணி காயவில்லை, அரிசி டப்பாவில் பூச்சி என்று புலம்புகிற மாதம் அது. அம்மா ஒருத்திதான் வானத்தைப் பார்த்து முகம் மலர்வாள்.

மழைக்காலத்தில்தான் அவளுக்கு மாடமும் கிடைக்கும். மிசோகுச்சி வீட்டு நல்ல சுருள்களெல்லாம் ஈரத்துக்குப் பயந்து மரப்பெட்டிகளுக்குள் போய்விடும். "சும்மாத்தானே கெடக்கு, மாட்டித் தொலை" என்று அம்மாவின் மாமியார் என்றோ ஒருநாள் போட்ட அனுமதி. அதிலும் விருந்தாளி வருகிற சத்தம் கேட்டால் அம்மாவே ஓடிப்போய்க் கழற்றிவிடுவாள்.

மற்ற மாதங்களில் அந்த மாடம் ஆண்களுடையது. மாடத்துக்கு முதுகு காட்டி உட்காருவதுதான் மேல் இடம். அப்பா, சித்தப்பா, வந்தவர் போனவர், அப்பாவை ஒட்டி யசுனோரி, எல்லாரும் அங்கே. எதிரே தெற்கில், அடுப்படிக் கதவோரம் கீழ் இடம். அங்கே அம்மா, அவள் மடியை ஒட்டி மசுமி. வீட்டின் மானமே அந்தச் சுருள்களில் இருப்பதாகப் பேசியவர்கள் எல்லாம் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்கே குடித்தார்கள். சாக்கே ஊற்றியவள் மட்டும் பார்த்தாள். இந்த நியாயத்தை நினைத்தால் மசுமிக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், சலவைத்தூள் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பையில் கிடந்தது நத்தை. முறுக்கிப் பிழிந்த மாதிரி இறுக்கிச் சுற்றி, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். மழைக்காலத்தில் தொங்கி ஈரத்தைக் குடித்த தாளைச் சுருட்டுவதே பாவம். அதைப் பிளாஸ்டிக்கில் வேறு அடைத்திருக்கிறான். ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இது தெரியாமல் போகாது.

அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அண்ணி ஹட்சுமி பார்லி டீயைப் பெரிய கெண்டியில் ஆற்றிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் மேஜையைத் துடைத்து இடம் விட்டாள். நகத்தால் முடிச்சைப் பிரித்தவளும் அவள்தான்.

"பையில போடாதீங்கன்னு சொன்னேன் கயிறு கட்டும்போதே. கேட்டாத்தானே. எனக்கு வேற வேலை இருக்குன்னு போயிட்டார்" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி.

"வேலை இருக்கத்தான் செய்யும். வேலை செஞ்சவங்கதான் போயிட்டாங்களே."

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெல்லப் பிரித்தார்கள். தாள் சில்லென்று தொய்ந்திருந்தது, ஒட்டியிருக்கவில்லை. மசுமி அம்மாவின் விசிறியை எடுத்து மெல்ல வீசினாள்.

"ஆஸ்பத்திரில போன்ல படம் புடிச்சுக் காட்டினேன் அண்ணி. நான்தானே வந்து மாட்டிட்டுப் போனேன், அத. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், 'தடம் தெரியலயேடி'ன்னாங்க. போன்ல எப்பிடித் தெரியும்? 'சரி விடு, நேர்ல போயி பாத்துக்கறேன்'னாங்க."

விசிறி நின்றது. பிறகு மறுபடி வீசினாள்.

வாசலில் கென்சாகு சித்தப்பாவின் குரல் கேட்டது. அப்பாவின் தம்பி. துக்க வீடு என்றால் அவருக்குக் கை கால் முளைத்துவிடும். செருப்பை விடும்போதே எந்தக் கடையில் சுஷி சொல்லியிருக்கிறது, யார் எங்கே உட்காருவது என்று ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, ஊதுவத்தி வைத்து, கும்பிட்ட கை பிரிவதற்குள் மாடத்தைப் பார்த்தார்.

"என்னடா யசு, மாடம் காலியா கெடக்கு?"

"புத்தர் திருநாமச் சுருளை மாட்டத்தான் சித்தப்பா, நீங்க வரட்டும்னு இருந்தேன்."

"பின்ன? மிசோகுச்சி வீட்டு மருமக. ஊரே வரும். தலைமைக் கோயில் பெரியவர் தன் கையால நம்ம கொள்ளுத் தாத்தாவுக்கு எழுதிக் குடுத்தது. உங்க அப்பா சாவுக்கு அதப் பாத்துட்டு அசந்து போனாங்க எல்லாரும். எடு, எடு."

மசுமி அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"சித்தப்பா, அம்மாவோட சுருள் இருக்கு. அதையே மாட்டலாம். அவங்களுக்குப் புடிச்சது."

"எது, அந்த நத்தையா?" சித்தப்பா சிரித்தேவிட்டார், பிறகு சாவு வீடு என்று ஞாபகம் வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். "ஏம்மா மசுமி, நீ நகோயாவுல இருந்துட்டு இங்கத்து முறையெல்லாம் மறந்துட்ட. எழவு வீட்டு மாடத்துல புத்தர் பேரத் தொங்கவிடுவாங்களா, பூச்சியத் தொங்கவிடுவாங்களா?"

"அண்ணா, நீயாவது சொல்லு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"எனக்கு மட்டும் ஆசையா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான் யசுனோரி, அவள் முகத்தைப் பார்க்காமல். "அதுவும் அதுல என்ன இருக்கு? தடம் தடம்னு அம்மாவும் சொல்லிட்டே இருப்பாங்க, நீயும் சொல்ற. நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"முதுகுல கண்ணிருந்தா பாத்திருப்ப."

யசுனோரிக்கு முகம் சிவந்தது. உள்ளறைக்குப் போய் அலமாரியிலிருந்து நீளமான மரப்பெட்டியைச் சுமந்து வந்தான். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைப் பாயில் வைக்கச் சொல்லி, தானே மூடியைத் திறந்தார். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் மஞ்சள் துணி. துணியைப் பிரிக்கும்போதே ஒரு வாடை எழுந்தது. அடைமழையில் பூட்டிக் கிடந்த செருப்பு அலமாரியின் வாடை அது.

கவைக்கோலின் நுனியில் கயிற்றை மாட்டி யசுனோரி தூக்க, சித்தப்பா அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். முதலில் பட்டு ஓரம் வந்தது, அங்கங்கே தாளைவிட்டுப் பிரிந்து, காய்ந்த உதட்டுத் தோலாக நின்றது. பிறகு எழுத்து. பெரியவரின் கையெழுத்து முழுக்கக் கறுப்பும் பழுப்புமாகப் பூசணம். புத்தர் பேரின் நடுவில் வெள்ளிப்பூச்சி அரித்த ஓட்டைகள். ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பிரித்தார் சித்தப்பா. கயிறு நைந்து அறுந்து, சுருள் முழுவதும் அவர் மடியில் சரிந்தது.

கூரையிலிருந்து தண்ணீர் ஓடி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "என்னடா இது? நம்ம வீட்டுச் சொத்துடா! இத்தன வருஷமா ஒருத்தன்கூட எடுத்துப் பாக்கலயா? யாருடா பாத்துக்கிட்டா இத?"

"பாத்துக்கிட்டவங்க இங்க படுத்திருக்காங்க" என்றாள் மசுமி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அடக்கிவைத்ததெல்லாம் அப்போது வந்தது.

"மழைக்காலம் முடிஞ்சு, வெயிலும் தணிஞ்சு, காத்து நல்லா காஞ்ச பிற்பாடு, ஒவ்வொரு வருஷமும் எல்லாத்தையும் வெளிய எடுத்து இந்த ரூம்ல கயிறு கட்டித் தொங்கவிடுவாங்க. முழு நாளும் காத்தாட விட்டு, ஒவ்வொண்ணா மயிலிறகால தடவுற மாதிரி தூசு தட்டி, பூச்சி மருந்து மாத்தி, சாயங்காலம் ஈரம் எறங்கறதுக்குள்ள சுருட்டி வைப்பாங்க. எந்த நாள்னுகூட உங்க யாருக்கும் தெரியாது. அன்னிக்கு நீங்கள்லாம் வேலைக்குப் போயிருப்பீங்க. இடுப்பு ஒடிஞ்சு படுத்ததுக்கு அப்புறம், 'சுருளக் காத்தாட விடுங்கடா'ன்னு இவன்கிட்ட வருஷா வருஷம் சொன்னாங்க. சொன்னாங்களா இல்லியா அண்ணி?"

கதவருகில் நின்ற ஹட்சுமி தலையைக் குனிந்தாள். "சொன்னாங்க."

"'ஆகட்டும்மா, பாக்கலாம்'னான். எல்லாத்துக்கும் அதேதான். சுருளுக்கு வெயில் வரட்டும், அம்மாவுக்கு மழை நிக்கட்டும்."

யசுனோரி கவைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். வயது ஐம்பத்தைந்து தாண்டியவன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் தேய்த்துக்கொண்டான். மசுமிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் தனக்கு வந்ததே என்றும் எரிச்சலாக இருந்தது.

சித்தப்பாதான் முதலில் தேறிக்கொண்டார். மடியிலிருந்ததை அவசர அவசரமாகத் துணியில் மூடினார். வாசல் பக்கம் ஒரு பார்வை. அண்டை வீட்டுக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய மூச்சுவிடாதீங்க. மாடம் காலியா மட்டும் இருக்கக் கூடாது, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. மசுமி, அந்த நத்தையக் கொண்டா. அதையாவது மாட்டுவோம். பருவத்துக்கு ஏத்த படம்னு சொல்லிக்கலாம்."

மசுமி சித்தப்பாவையே பார்த்தாள். இப்போதுதானே பூச்சி என்றார்?

"மாட்ட மாட்டேன்."

"என்னது?"

"உங்க மாடத்துக்கு ஒட்டுப் போடறதுக்கு அம்மாவோட சுருள் வராது சித்தப்பா. உசுரோட இருந்தப்ப, ஆள் வந்தா கழட்டு, ஆள் போனா மாட்டுன்னீங்க. இப்ப உங்க மானம் போவுதுன்னதும் வேணுமா?"

"நீதானேம்மா மாட்டலாம்னு ஒத்தக் கால்ல நின்ன!"

"அப்ப நின்னேன். இப்பதான் யோசிச்சுப் பாக்கறேன். அம்மா தலை எந்தப் பக்கம் இருக்கு?"

சித்தப்பா படுக்கையைப் பார்த்தார். அம்மாவின் தலை மாடத்துக்கு அடியில் இருந்தது. கால் அடுப்படிப் பக்கம். வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா மேல் இடத்துக்கு வந்திருக்கிறாள். அதனாலேயே அவளாலும் மாடத்தைப் பார்க்க முடியாது.

அந்த நேரம் பார்த்துப் பிக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குப் பாராயணம் செய்தவரின் மகன், சின்ன வயது. அங்கி நுனியெல்லாம் மழையில் நனைந்திருந்தது. சித்தப்பா முந்திக்கொண்டு, திருநாமத்தைப் பட்டறையில் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகவும், அதனால் மாடம் இப்படி இருப்பதாகவும் பூசி மெழுகினார். மடித்து வைத்த மஞ்சள் துணி அவர் முழங்காலுக்குப் பின்னாலேயே கிடந்தது.

"மாடம் காலியா இருந்தா என்னங்க?" என்றார் பிக்கு, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "பக்கத்துலயே பெட்டிக்குள்ள புத்தர் நிக்கிறாரே. அவர் போதாதா?"

சித்தப்பாவின் மூஞ்சி விழுந்துவிட்டது.

மசுமி அடுப்படிக்குப் போய் நத்தையை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தாள். அடுப்படிக் கதவுக்கு மேலே, உத்திரச் சட்டத்தில், காலண்டர் மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. கவைக்கோலால் எட்டி மாட்டப் பார்த்தாள். கயிறு நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது.

"மசுமி, அடுப்படி வாசல்லயா சுருளத் தொங்கவிடுவ? கண்ட எடத்துல..." சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"கண்ட எடம் இல்ல சித்தப்பா. இந்த வீட்டுல அம்மா உக்காந்த எடம்."

மூன்றாவது தடவை கோல் ஆடாமல் நின்றது. யசுனோரி பக்கத்தில் வந்து நின்று கோலின் அடிப்பகுதியைப் பிடித்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு ஆணியில் விழுந்தது. அவள் அடிக்கட்டையைத் தாங்கி மெல்ல இறக்கிவிட்டாள். பூங்கொத்து இறங்கியது, இலை இறங்கியது, நத்தை இறங்கியது. சுருள் கொஞ்சம் நீளம்தான். கதவைக் கடக்கும்போது ஹட்சுமி குனிந்து வர வேண்டியிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிக்குவைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, காலி மாடத்தைப் பார்த்து, வடக்கு முகமாக. எல்லார் முதுகும் நத்தைக்கு. தலைமாட்டில் படுக்கைக்கு இருபுறமும், பிக்குவுக்குப் பக்கத்தில் யசுனோரி, எதிர்ப்புறம் மசுமி.

பிக்கு ஜெபமாலையைக் கையில் எடுத்தார். மணியைத் தட்டக் குச்சியை ஓங்கும்போது, "ஒரு நிமிஷம் சாமி" என்றாள் மசுமி.

குனிந்து, அம்மாவின் முகத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். தலையணையைச் சற்று உயர்த்தி, சாய்ந்திருந்த தலையை நேராக்கினாள். பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். சித்தப்பா தொண்டையைச் செருமினார். மசுமி துணியை நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எவனாவது வாங்கி மூடட்டும் பார்ப்போம் என்று இருந்தது அவளுக்கு.

பிக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அது எங்கே பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தார். பிறகு மணியைத் தட்டினார்.

பாராயணம் தொடங்கியதும் மழை வலுத்துக்கொண்டது. வயல் பக்கம் தவளைகள் போட்ட சத்தத்தில் பிக்குவின் குரல் அவ்வப்போது முங்கி எழுந்தது. அறை இருண்டு, தாழ்வாரத்து வழியாகச் சாம்பல் வெளிச்சம் பாயோடு பாயாக நுழைந்தது. எல்லாரும் குனிந்து கும்பிட்டார்கள். யசுனோரியும் குனிந்தான். மற்றவர்களுக்கு முன்னால் நிமிர்ந்துவிட்டவன், அப்படியே இருந்தான். குனிந்திருந்த தலைகளுக்கு மேலே, அடுப்படிக் கதவுப் பக்கம் அவன் கண் போயிருந்தது.

"மசுமி" என்றான், உதடு அசையாமல். "அதுல... கீழேருந்து ஒரு..."

"சும்மா கும்பிடு" என்றாள் மசுமி.

அவன் கும்பிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு இறங்காமல் நின்றது. மசுமி மடியிலிருந்த துணியை அவனிடம் நீட்டவில்லை. விரல்களால் அதன் மடிப்பை இன்னும் ஒருமுறை நீவிவிட்டாள்.

மழை நிற்கிற மாதிரித் தெரியவில்லை.